எக்ஸ்டெண்டட் வாரண்டிக்குப் பணம் கட்டியவர்கள் கவனத்துக்கு: கம்பெனியில் அது பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள்

அட்வென்ச்சர் பைக் வாங்கும்போது எக்ஸ்டெண்டட் வாரண்டி, அதாவது முதல் வாரண்டி முடிந்த பிறகும் நீளும் கூடுதல் வாரண்டி என்று சொல்லி ஷோரூமில் தனியாகப் பணம் வாங்கியிருந்தால், முதல் வேலையாகக் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு ஒரு போன் போடுங்கள். சேஸிஸ் நம்பரைச் சொல்லி, வாரண்டி எந்தத் தேதி வரை இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஷோரூமில் கேட்டுப் பயனில்லை. "அதெல்லாம் இருக்குதுங்ணா" என்றுதான் பதில் வரும். என்னிடமும் அப்படித்தான் சொன்னார்கள். வாங்கிய பணத்தைக் கம்பெனிக்குக் கட்டவே இல்லை என்பது இரண்டரை வருஷம் கழித்து, இன்ஜின் போன பிறகுதான் வெளியே வந்தது.

ஷோரூம் பெயரையும் வண்டியின் பெயரையும் எழுதவில்லை. வழக்கு நடக்கிறது. அதோடு, பெயரை எழுதினால் பேச்சு முழுக்க அந்த பிராண்ட் நல்லதா கெட்டதா என்று போய்விடும். கீழே பெயர் சொல்லியிருக்கும் வண்டிகளில் எதுவும் நான் வாங்கியது இல்லை என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

2022இல் வண்டி தேடினேன். ஊர் ஈரோடு. ஓய்வு கிடைத்தால் பண்ணாரி வழியாகத் திம்பம் ஏறி ஆசனூர், தாளவாடி போவது, இல்லாவிட்டால் அந்தியூரிலிருந்து பர்கூர் மலை. இதற்குத் தோதான வண்டி வேண்டும் என்று, டெஸ்ட் ரைடும் நண்பர்களின் வண்டிகளுமாக ஐந்தை ஓட்டிப் பார்த்தேன்.

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் அப்போது 411 சிசி. சக்தி 24 குதிரைத்திறன் சொச்சம், எடை கிட்டத்தட்ட 200 கிலோ. திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஓவர்டேக் பண்ண யோசிக்க வேண்டும். ஆனால் தார் ரோடு முடிந்து கல்லும் மண்ணும் தொடங்கும் இடத்தில் அந்த வண்டியின் குணமே வேறு. முன்னால் 21 அங்குல வீல், 200 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன் டிராவல். எழுந்து நின்றுகொண்டு ஹேண்டிலை லேசாகப் பிடித்தால் போதும், அது பாட்டுக்குப் போகும். (2023 கடைசியில் வந்த 450 முற்றிலும் வேறு வண்டி. லிக்விட் கூல்டு, 40 குதிரைத்திறன். நான் தேடியபோது அது இல்லை.)

கேடிஎம் 390 அட்வென்ச்சரை அதே மலையில் ஏற்றியபோது சிரிப்பே வந்துவிட்டது. 373 சிசி, 43 குதிரைத்திறன், டிராக்ஷன் கண்ட்ரோல், வளைவில் சாய்ந்திருக்கும்போதும் வேலை செய்யும் ஏபிஎஸ். மலை ரோட்டில் அந்த விலைக்கு அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. சீட் உயரம் 855 மில்லிமீட்டர் என்பதால் என் கால்கள் நுனியில்தான் நிற்கும், சரிவில் நிறுத்தினால் திகில். முன்னால் 19 அங்குல அலாய் வீல். குழியில் வேகமாக இறங்கினால் ரிம் வளைகிறது என்று அந்த வண்டிக்காரர்கள் அப்போதே புலம்பிக்கொண்டிருந்தார்கள். 2023இல் கம்பெனி ஸ்போக் வீல் மாடலை இறக்கியது.

பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் நம் ஓசூரில் டிவிஎஸ் தொழிற்சாலையில் தயாரானது. பெயின்ட், ஸ்விட்ச், பேனல் பொருந்தும் விதம் எல்லாம் கச்சிதம். டேங்க் 11 லிட்டர்தான், சர்வீஸுக்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 காட்டு வழிக்கு ராஜா, நெடுஞ்சாலையில் மூச்சு வாங்கும். சுசூகி வி-ஸ்ட்ரோம் எஸ்எக்ஸ் அந்த வருஷம் ஏப்ரலில்தான் வந்தது. 250 சிசி, 167 கிலோ, நாள் முழுக்க ஓட்டினாலும் முதுகு வலிக்காது. பெரிய கல்லுக்கு ஆகாது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயில் கூல்டு இன்ஜின் என்பதால் இன்ஜினைக் குளிரவைக்கும் திரவமான கூலன்ட்டும் கிடையாது, அதைச் சுற்றவிடும் வாட்டர் பம்ப்பும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

வாரண்டியில் அன்றைக்கு இருந்த நிலவரம்: ராயல் என்ஃபீல்டு 3 வருஷம் அல்லது 30,000 கிலோமீட்டர். பிஎம்டபிள்யூ 3 வருஷம், கிலோமீட்டர் கணக்கு இல்லை. ஹீரோ 5 வருஷம் அல்லது 70,000. ஓட்டிப் பார்த்த ஐந்தையும் விட்டு நான் கடைசியில் வாங்கிய வேறொரு வண்டிக்கு இவற்றைவிடக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் எக்ஸ்டெண்டட் வாரண்டியை நீட்டினார்கள். கூடவே நல்ல தள்ளுபடி. ஷோரூம் கோவையில் இருந்தது, ஈரோட்டிலேயே சர்வீஸ் பாயிண்ட் வரப்போகிறது என்றார்கள். இன்று வரை வரவில்லை.

விலை எழுதிய கொட்டேஷன் தாளில் சேல்ஸ்மேன் தன் கையால் "எக்ஸ்டெண்டட் வாரண்டி" என்று எழுதி, பக்கத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் போட்டு, ஷோரூம் சீலும் அடித்துக் கொடுத்தார். பணம் ஷோரூம் கணக்குக்குத்தான் போனது. டெலிவரி அன்று வந்த ரசீதில் மட்டும் இந்தத் தொகை, கிராஷ் கார்டு, ஹேண்ட்லிங் சார்ஜ் எல்லாம் ஒன்றாகி "ஆக்சஸரீஸ் மற்றும் இதர" என்று ஒரே வரியாக இருந்தது. வாரண்டி சர்டிஃபிகேட் எங்கே என்று வாட்ஸாப்பில் கேட்டதற்கு, "சிஸ்டத்துல ஏறிடுச்சுங்ணா, தனியா பேப்பர் வராது" என்று பதில். இது பொய். எக்ஸ்டெண்டட் வாரண்டி தனி ஒப்பந்தம். சேஸிஸ் நம்பரும் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்ட ஒரு தாளோ, கம்பெனியிடமிருந்து நேராக ஒரு மெசேஜோ வந்தே ஆக வேண்டும்.

வண்டி ஓட நன்றாகத்தான் இருந்தது. பில்ட் குவாலிட்டிதான் சுமார். மழைக்காலம் ஒன்று முடிவதற்குள் ஸ்போக் நிப்பிள்களில் துரு. ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட் சீக்கிரமே தளர்ந்தது. "வேர் அண்ட் டேர்" (தேய்மானம்) என்று சொல்லி அதற்கும் காசு. இதெல்லாம்கூடப் போகட்டும். கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்துகொண்டே வந்தது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் சொன்னேன். ஊற்றி நிரப்பி, ஜாப் கார்டில் "கூலன்ட் டாப் அப்" என்று எழுதிக் கொடுத்தார்கள். மூடிய சுற்றில் ஓடும் கூலன்ட் ஏன் குறைகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அந்த ஜாப் கார்டுகள்தான் இன்று என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

2024 நவம்பரில் பர்கூர் போய் வந்த பிறகு இன்ஜின் ஆயிலைப் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தால், பால் அதிகமான டீ போல இருந்தது. இன்ஜினில் கரகரவென்று சத்தம். வண்டியை ஆட்டோவில் ஏற்றி கோவைக்குக் கொண்டு போனேன். சர்வீஸ் அட்வைசர் ஆயிலைப் பார்த்த மாத்திரத்தில் சொன்னார்: "தண்ணியில இறக்கியிருக்கீங்க சார். இது வாரண்டில வராது."

நான் எந்த ஆற்றிலும் இறங்கவில்லை. என் கண் முன்னால்தான் ஆயிலை வடித்தார்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றினார்கள். எல்லாவற்றையும் போனில் வீடியோ எடுத்தேன். வடித்த ஆயிலில் கொஞ்சம் காலி பாட்டிலில் பிடித்துக்கொண்டேன். அட்வைசருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

ஈரோட்டில் எனக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் அண்ணன் இருக்கிறார். வீடியோவையும் பாட்டிலையும் காட்டினேன். "இது ஆத்துத் தண்ணி இல்லீங் தம்பி. தண்ணி உள்ள போகணும்னா ஏர் ஃபில்டர் வழியாத்தான் போகணும். அது காஞ்சு கெடக்குது பாருங்க. கூலன்ட் டப்பா எப்படி இருந்துச்சு?" என்றார். டப்பா அடி மட்டத்தில் இருந்தது. அவர் விளக்கியது இதுதான்: வாட்டர் பம்ப் தண்டில் இரண்டு சீல் உண்டு. ஒன்று கூலன்ட் பக்கம், இன்னொன்று ஆயில் பக்கம். நடுவில் சின்னதாக ஒரு துளை. கூலன்ட் பக்க சீல் கசிந்தால் அந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். சொட்டு விழுந்தால் சீல் மாற்ற வேண்டும் என்று அர்த்தம், அதற்குத்தான் துளையே வைத்திருக்கிறார்கள். சேறு அடைத்துக்கொண்டால் வெளியே சொட்டாது. தேங்கிய கூலன்ட் அடுத்த சீலையும் தாண்டி ஆயிலில் கலக்கும். கூலன்ட் கலந்த ஆயில் பேரிங்குகளைத் தின்றுவிடும். சேற்றில் போகும் வண்டி என்று சொல்லி விற்கிறவர்கள், சர்வீஸில் அந்தத் துளையைச் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். சில நூறு ரூபாய் சீலில் முடிந்திருக்க வேண்டிய வேலை, ஐம்பதாயிரத்தைத் தாண்டிய எஸ்டிமேட்டாக என் கைக்கு வந்தது.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் எல்லாரும் கவனமாகப் படிக்க வேண்டும். அட்வைசர் திடீரென்று ரொம்ப அன்பாகிவிட்டார். "எதுக்கு சார் டென்ஷன்? இன்ஷூரன்ஸ்ல போட்டுடலாம். தண்ணியில இறங்கினதா ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போடுங்க, மீதிய நாங்க பாத்துக்கறோம்." கேட்க உதவி மாதிரிதான் இருக்கும். ஆனால் நடக்காததை எழுதி கிளெய்ம் கேட்பது மோசடி, மாட்டினால் பொறுப்பு நம்முடையது. சாதாரண பாலிசியில் இன்ஜினுக்குள் தண்ணீர் போய் வரும் பின்விளைவுச் சேதத்துக்குப் பொதுவாகக் காசு கிடைக்காது, இன்ஜின் புரொடெக்ஷன் என்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, தண்ணீரில் இறக்கினேன் என்று நம் கையெழுத்தோடு ஒரு தாள் அவர்களிடம் போய்விட்டால் வாரண்டிப் பேச்சு அதோடு முடிந்தது. நான் எழுதித் தர மறுத்தேன். ஜாப் கார்டிலும் "வாட்டர் என்ட்ரி" என்று முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள். அதை வெட்டி, "ஆயிலில் கூலன்ட் கலந்துள்ளது, காரணம் கண்டறிய வேண்டும்" என்று எழுத வைத்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். ஒரு மணி நேரம் சண்டை. வாரண்டி கிளெய்மைக் கம்பெனிக்கு அனுப்புவது டீலர்தான். அவர் முதல் வரியில் எழுதுவதை வைத்துத்தான் மேலே இருப்பவர் முடிவெடுக்கிறார்.

சரி, கம்பெனியிடமே பேசுவோம் என்று கஸ்டமர் கேருக்கு அழைத்தால் அங்கே அடுத்த இடி. "உங்கள் சேஸிஸ் நம்பருக்கு எக்ஸ்டெண்டட் வாரண்டி எதுவும் பதிவாகவில்லை." முதல் வாரண்டி ஏற்கெனவே முடிந்திருந்தது. ஷோரூமில் போய்க் கேட்டால், டீலர்ஷிப் கைமாறிவிட்டதாம். "அது பழைய ஓனர் வாங்கின காசு, எங்க கணக்குலயே வரல." பழைய ஓனர் போனை எடுப்பதில்லை. போர்டு அதேதான், கட்டடமும் அதேதான், சேல்ஸ்மேனில் பாதிப் பேர் அதே ஆட்கள்தான். காசு மட்டும் வேறு ஆளுடையதாம். விசாரித்ததில் இதே ஷோரூமில் பணம் கட்டி, பதிவே ஆகாமல் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வண்டி நன்றாக ஓடுவதால் அவர்களுக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. இந்த ஏமாற்று இத்தனை சுலபமாக நடக்கக் காரணமும் அதுதான். முதல் இரண்டு வருஷத்தில் யாரும் எக்ஸ்டெண்டட் வாரண்டியைத் தொடவே மாட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். கம்பெனியிடமிருந்து வந்த பதில்: நல்லெண்ண அடிப்படையில் உதிரி பாகங்களில் கொஞ்சம் தள்ளுபடி தருகிறோம், லேபர் உங்களுடையது. ஏற்கவில்லை. ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டேன். ஷோரூம் கோவையில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நானே ஆஜராகிறேன். ஒரு விஷயம், டீலரை மட்டும் எதிர்த்தரப்பாகச் சேர்க்காதீர்கள். கம்பெனியையும் சேர்த்தால்தான் ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவது எழுத்தில் வரும்.

என் வழக்கில் அது வந்தது. எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், ஆணையம் நீட்டித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் கிடையாது. உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020இல் இதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. ஷோரூம் அந்தக் கெடுவைத் தவறவிட்டது. கம்பெனி பதில் போட்டது. எக்ஸ்டெண்டட் வாரண்டிப் பணம் டீலரிடமிருந்து எங்களுக்கு வந்து சேரவில்லை என்று அதில் எழுதியிருக்கிறார்கள். சீல் அடித்த கொட்டேஷன் என்னிடம் இருப்பதால், அந்த வரியால் மாட்டுவது டீலர்தான். கூடவே, ஆஃப்ரோடு பயன்பாட்டுக்கு வாரண்டி பொருந்தாது என்று கையேட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு ஷரத்தையும் காட்டியிருக்கிறார்கள். வண்டி ஓடைக்குள் தண்ணீர் தெறிக்கப் பாயும் அவர்களுடைய விளம்பர புரோஷரை நானும் இணைத்திருக்கிறேன்.

பாட்டிலில் இருக்கும் ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் கிளைக்கால் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி மனு போட்டிருக்கிறேன். கிளைக்கால் கூலன்ட்டில்தான் இருக்கும், ஓடைத் தண்ணீரில் இருக்காது. இதற்கு நடுவே போன வாரம் சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு மெசேஜ். வண்டி அவர்கள் இடத்தில் நிற்பதற்கு தினசரி பார்க்கிங் சார்ஜ் கட்ட வேண்டுமாம். அதையும் பிரிண்ட் எடுத்து மனுவோடு சேர்த்துவிட்டேன்.