பால் சேர்த்த சோப்பு, லோஷன், சீரம்: கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் எது சரிவரும்?

"பால்தானே, ஒன்றும் செய்யாது" என்று நம்பித்தான் பலரும் இவற்றை வாங்குகிறார்கள். கர்ப்ப காலத்தில் அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. பசும்பாலின் முக்கியப் புரதங்கள் 14,000 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையை அளக்கும் அலகு) மேல் எடை கொண்டவை. 500 டால்டனைத் தாண்டிய மூலக்கூறு காயமில்லாத தோலைக் கடந்து உள்ளே போவதே கடினம். அதனால் வயிற்றில் பூசிய பால் புரதம் கருவைப் போய்ச் சேராது. பயப்பட வேண்டியது பாலோடு சேர்ந்து அதே குப்பியில் வரும் மற்ற பொருள்களுக்குத்தான்.

ஆட்டுப்பால் சோப்பு பாதுகாப்பானது, பயனில் சுமார். இறந்த செல்களை நீக்கக்கூடியது பாலின் லாக்டிக் அமிலம்; சோப்பு காய்ச்சும் காரத்தில் அது சோடியம் லாக்டேட் என்ற உப்பாக மாறிவிடுகிறது. அதனால் அட்டையில் "இறந்த செல்களை நீக்கும்" என்று போட்டிருந்தால் அதை நம்ப வேண்டாம். சோப்பின் பிஎச் (அமில-கார அளவு) 9 முதல் 10 வரை, தோலுடையதோ 5ஐ ஒட்டி. வயிறு இழுபட்டு வறண்டிருக்கும் மாதங்களில் உடம்பு முழுக்கத் தேய்த்தால் அரிப்பு கூடும். அக்குளுக்கும் பாதத்துக்கும் போதும். (தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் அரித்து, இரவில் அதிகமானால் லோஷன் தேடாதீர்கள். அது பித்தநீர் தேக்கமாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பாருங்கள்.)

பால் புரத லோஷன் ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதில் பெரும்பாலும் வேலை செய்வது கிளிசரின்தான். வாசனை சேர்க்காததாக இருந்தால் தாராளமாகப் பூசலாம். பிரசவத் தழும்பு வராமல் தடுக்கும் என்பது மட்டும் வெறும் விளம்பரம்.

இந்த வரிசையில் காசுக்கு உண்மையிலேயே வேலை செய்வது லாக்டிக் அமில சீரம். ரெட்டினாலும் (வைட்டமின் ஏ வகை) ஹைட்ரோகுயினோனும் (கருமையை வெளுக்கும் பொருள்) கர்ப்ப காலத்தில் வேண்டாம் என்பதால், அந்த இடத்தில் வைக்கக்கூடிய சில பொருள்களில் இது ஒன்று. 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, பிஎச் 3.5க்குக் கீழே இறங்கக் கூடாது. 5 சதவீதத்தில் ஆரம்பித்து, வாரம் இரண்டு இரவு, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு மூன்று சொட்டு, மேலே மாய்ஸ்சரைசர். ஈர முகத்தில் பூசினால் எரிச்சல் அதிகம். மறுநாள் காலை எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் போடாவிட்டால் இதைப் பூசாமல் இருப்பதே மேல்: கர்ப்பத்தில் வரும் மங்கு, எரிச்சலாலும் வெயிலாலும் இன்னும் கறுக்கும். அதே குப்பியில் ரெட்டினாலின் உறவான ரெட்டினைல் பால்மிடேட் கலந்திருக்கிறதா என்று லேபிளைக் கடைசி வரி வரை படியுங்கள்; "பால்" என்று பெரிதாக எழுதிய நைட் கிரீம்களில் அது ஒளிந்திருக்கும்.

காய்ச்சாத பாலில் முகப்பூச்சு வேண்டவே வேண்டாம். அதில் லிஸ்டீரியா கிருமி இருக்கலாம். உதட்டில் பட்டு உள்ளே போனால் கருச்சிதைவு வரை கொண்டுபோகக் கூடிய கிருமி அது.

குழந்தை பிறந்த பிறகு கணக்கே மாறுகிறது. இப்போது தோலில் இருப்பது நேரே குழந்தையின் வாய்க்குப் போகும். மார்பிலும் காம்பிலும் பால் புரதம் கலந்த எதையும் பூசக் கூடாது. வெடித்த காம்பில் நிச்சயமாகக் கூடாது. குழந்தைக்குப் பசும்பால் ஒவ்வாமை இருந்தால் கையிலும் கன்னத்திலும்கூட வேண்டாம். ஆட்டுப்பாலுக்கு மாறினாலும் பயனில்லை, இரண்டின் புரதமும் அவ்வளவு நெருக்கம். "ஹைட்ரோலைஸ்டு" (புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்தது) என்று இருந்தாலும் ஒவ்வாமை வரலாம். லேபிளில் லாக், காப்ரே லாக், லாக்டிஸ் புரோட்டீனம், சோடியம் கேசினேட் என்று இருந்தால் எல்லாமே பால்தான். லாக்டிக் அமிலம் இந்தப் பட்டியலில் வராது. பெரும்பாலும் அது சர்க்கரையைப் புளிக்கவைத்து எடுப்பது. ஆனாலும் மார்பில் பூசும் பொருள் அல்ல.

பூசிய இடத்தில் குழந்தையின் வாய் பட்டு, சில நிமிடங்களில் உதட்டைச் சுற்றித் தடிப்பு எழும்பினால் துடைத்துவிட்டு நிறுத்துங்கள். மூச்சு இழுத்தாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பால் இல்லாத காம்பு கிரீம் என்பதாலேயே வாங்கிவிடவும் கூடாது. பீனாக்ஸிஎத்தனால், குளோர்பினசின் என்ற பதப்படுத்தும் பொருள்கள் சேர்ந்த ஒரு காம்பு கிரீமைப் பயன்படுத்த வேண்டாம் என்று 2008ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது. காம்பு வெடிப்புக்குச் சுத்திகரித்த லனோலின் போதும். அது செம்மறியாட்டு ரோமத்திலிருந்து வருவது, பாலோடு சம்பந்தமில்லை.