கொழும்பில் அலுவலகம் தேடுபவர் எதை நம்பிப் படிப்பது?

வர்த்தகக் கட்டடத் தொழிலுக்கென்றே ஒரு செய்தி நிறுவனம் நடத்தலாம், இலவசமாக வாசிக்கக் கொடுத்தும் காசு பார்க்கலாம் என்று செய்து காட்டியது பிஸ்னோ. 2005இல் வொஷிங்டனில் மின்னஞ்சல் செய்திமடலாகத் தொடங்கி, பிற அமெரிக்க நகரங்களுக்கும் லண்டனுக்கும் பரவிய நிறுவனம் அது. கொழும்பு அதன் வரைபடத்தில் இல்லை. ஆனால் யூனியன் பிளேஸில் இரண்டாயிரம் சதுர அடி தேடும் கணக்காளர் இங்கும் இருக்கிறார். காலி வீதியில் மாடி எழுப்பிவிட்டு வாடகைக்கு ஆள் பார்க்கும் முதலாளி இருக்கிறார். இருவருக்கும் நடுவே கைபேசியும் கையுமாகத் தரகர் இருக்கிறார். இவர்களுக்குக் கிடைக்கும் தகவல் வழிகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, அந்தத் தகவலுக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதைத்தான்.

பிஸ்னோவுக்கு அதை அனுசரணையாளர்களும் நிகழ்வுகளுக்கு டிக்கெட் வாங்குவோரும் கொடுக்கிறார்கள். யார் கட்டுகிறார், யார் காலி செய்கிறார், எந்த வங்கி கடன் கொடுக்கிறது என்பதைத் துள்ளலான நடையில் சொல்வதில் அது கெட்டிக்காரப் பிள்ளை. மேடையில் அமர்பவர்களும் செய்தியில் வருபவர்களும் பெரும்பாலும் ஒரே வட்டம் என்பதை மட்டும் மறக்காமல் படிக்கவேண்டும். கோஸ்டார் இதற்கு நேர் எதிர். 1987இல் தொடங்கிய அந்த நிறுவனம் விற்பது செய்தியை அல்ல, தரவை. ஊழியர்கள் தரகர்களையும் உரிமையாளர்களையும் தொலைபேசியில் பிடித்து, எந்த மாடி காலி, என்ன வாடகை என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்த தரவு அது. 2012இல் லூப்நெட் என்ற விளம்பரத் தளத்தையும் ஏறத்தாழ 86 கோடி டொலருக்கு வாங்கிக்கொண்டது. சந்தா கனம்தான். ஆனால் காசு கொடுப்பவரே வாசகர் என்பதால் எண் பிழைத்தால் சந்தா போய்விடும்.

இந்த இரண்டு வியாபாரமும் அமெரிக்காவில் வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. நியூயோர்க்கில் பதிவான உறுதிகளை யாரும் இணையத்தில் திறந்து விற்பனை விலையைப் பார்க்கலாம். டெக்ஸாஸில் விலையை வெளியிடும் கட்டாயம் இல்லை. அங்கே தொலைபேசி விசாரிப்புக்கு மதிப்புக் கூடுகிறது. கொழும்பில் ஒரு காணியின் வரலாற்றைப் பார்க்க, தொகுதி இலக்கமும் பக்க இலக்கமும் தெரிந்து காணிப் பதிவகத்தில் தேடவேண்டும். அப்படித் தேடியும் கிடைப்பது உறுதியில் எழுதப்பட்ட தொகைதான். அதுவும் கைமாறிய தொகையும் எப்போதும் ஒன்றல்ல என்பது ஊரறிந்த சங்கதி.

ஆகவே நம்மவர் முதலில் திறப்பது விளம்பரத் தளங்களை. 2012இல் வந்த இக்மன், கட்டடங்களுக்கென்றே உள்ள லங்கா புரொப்பர்ட்டி வெப் போன்றவை. வாசிப்பவருக்கு இலவசம், விளம்பரம் போடுபவருக்காக நடப்பவை. அங்கே இருப்பது கேட்கும் விலை மட்டுமே, முடிந்த விலை அல்ல.

அளவிலும் வில்லங்கம் இருக்கிறது. ஒரே மாடியை இரண்டு தரகர் விளம்பரத்தில் போடுவார்கள். ஒருவர் பொது நடை, மின்தூக்கி முகப்பு எல்லாவற்றிலும் பங்கு சேர்த்து 2,400 சதுர அடி என்பார். மற்றவர் மேசை போடக்கூடிய இடத்தை மட்டும் அளந்து 1,900 என்பார். உதாரணமாக, சதுர அடிக்கு 250 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2,400 அடிக்கு மாதம் 6 இலட்சம். உரிமையாளர் வற் வரிக்குப் பதிவானவர் என்றால் 18 வீதம் சேர்ந்து 7 இலட்சத்து 8 ஆயிரம். அதை உண்மையில் உட்காரும் 1,900 அடியால் வகுத்தால் 372 ரூபாயைத் தாண்டுகிறது. பராமரிப்புக் கட்டணம், ஜெனரேட்டர், வாகனத் தரிப்பிடம் எல்லாம் இன்னும் வரவில்லை. விளம்பரத்தின் மீது குற்றமில்லை. இந்தக் கேள்விகளை அது கேட்காது, நாம்தான் கேட்கவேண்டும். (வற் வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்ளக்கூடிய நிறுவனத்துக்கு அந்தப் பகுதி சுமையல்ல. சிறு கடைக்காரருக்குச் சுமைதான்.)

மத்திய வங்கி கொழும்பு மாவட்டக் காணிகளுக்கு வெளியிடும் மதிப்பீட்டுக் குறிகாட்டியில் வதிவிடம், வர்த்தகம், கைத்தொழில் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. சந்தை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க நல்லது. பம்பலப்பிட்டியில் இரண்டாம் மாடிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

நான் அதிகம் மதிப்பது யாரும் புரட்டாத ஒரு வழியை: கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள். எச்சலன் சதுக்கத்து உலக வர்த்தக மைய இரட்டைக் கோபுரங்கள் ஓவர்சீஸ் ரியல்டி நிறுவனத்துடையவை. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, கொழும்பு காணி அபிவிருத்தி நிறுவனத்துடையது. இவற்றின் வாடகை வருமானம் ஏறியதா இறங்கியதா என்பது கணக்கிலேயே தெரிந்துவிடும்.

கட்டட நிறுவனம் அல்லாதவற்றின் அறிக்கைகளும் உதவும். பட்டியலிடப்பட்ட நிறுவனம் தன் காணி எங்கே, எவ்வளவு, என்ன பெறுமதி என்று சொல்லியாகவேண்டும். காலி வீதியில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு வங்கியின் அறிக்கையில் பின்பக்கக் குறிப்புகளுக்குப் போங்கள். ஏக்கர், றூட், பேர்ச் என்று பரப்பளவும், மதிப்பீட்டாளர் பெயரும், பல இடங்களில் பேர்ச்சுக்கு என்ன விலை வைத்தார் என்பதும் பொடி எழுத்தில் இருக்கும். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. மீதிக் கணக்கை நீங்களே போடலாம். மதிப்பீட்டாளருக்குக் கட்டணம் கொடுப்பது அந்த நிறுவனம்தான், அதையும் சொல்லவேண்டும். என்றாலும் கணக்காய்வாளர் பார்த்துக் கையெழுத்திட்ட எண்ணுக்கும், ‘விலை பேசலாம்’ என்று முடியும் விளம்பரத்துக்கும் நிறைய வித்தியாசம். குறை இரண்டு: அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும், செய்தி பழையதாகவும் இருக்கும்.

கடைசியில் தரகர். போன மாதம் அதே கட்டடத்தில் என்ன வாடகைக்குக் கையெழுத்தானது என்பதை வாய் திறந்து சொல்லக்கூடியவர் அவர் மட்டுமே. புறக்கோட்டையில் கடை எடுப்பவர் வாடகைக்கு மேலாக முன்கூட்டியே கொடுக்கும் கீ மணி எந்த இணையத் தளத்திலும் ஏறாது. கெய்சர் வீதியில் தேநீர் குடித்தபடிதான் அதை அறியமுடியும். ஆனால் பேச்சு முடிந்தால்தான் அவருக்குத் தரகுப் பணம். ‘நேற்று வேறு ஆட்களும் பார்த்துவிட்டுப் போனார்கள்’ என்பதை அந்தக் கணக்கோடு கேட்கவேண்டும்.

வாடகைக்கு எடுப்பவருக்கு என் யோசனை, விளம்பரத்தில் பட்டியல் போட்டு, தரகர்கள் இருவரிடம் முடிந்த வாடகையைத் தனித்தனியே கேட்டு, அளவுநாடாவோடு போவது. காணி வாங்கப் போகிறவர் ஆண்டறிக்கைகளைத் தவறவிடக்கூடாது, பிறகு நொத்தாரிசு. வெளிநாட்டுப் பங்காளி இருந்தால், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டத்தையும் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கொழும்பில் ஒரு பிஸ்னோ ஓடுமா என்றால், எனக்கு நம்பிக்கையில்லை. அனுசரணை கொடுக்கக்கூடியவர்கள் சில கட்டட நிறுவனங்களும் வங்கிகளும்தான். அவர்களைப் பற்றியே எழுதி அவர்களிடமே கை நீட்டவேண்டியிருக்கும். கோஸ்டார் செய்ததுபோல வாரம் முழுக்கத் தொலைபேசியில் இருந்து, கையெழுத்தான வாடகையையும் உண்மையான சதுர அடியையும் ஒரு தாளில் தருகிறவர் வந்தால் நான் சந்தா கொடுப்பேன். இன்னொரு செய்திமடலுக்குக் கொடுக்கமாட்டேன்.