விதித் தளர்வா, நில உபயோக மாற்றமா?

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் மனை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்பது இது. இங்கே விதிகள் என்றால் தமிழ்நாட்டின் 2019-இன் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். அவற்றுக்கு அடிப்படையான தாய்ச்சட்டம் 1971-இன் நகர் ஊரமைப்புச் சட்டம்.

எதற்கு?
தளர்வு: பக்க இடைவெளி (சுவருக்கும் மனை எல்லைக்கும் நடுவே விட வேண்டிய இடம்) போன்ற அளவுகளில் சலுகை.
மாற்றம்: குடியிருப்பு மனையை வணிக மனையாக்க.

எதைப் பார்ப்பார்கள்?
தளர்வு: மனையின் வடிவமே தடையா, பக்கத்து வீட்டுக்குப் பாதிப்பு வருமா என்று. என் தெருவில் ஒரு மனை பின்னால் போகப்போக முறம் மாதிரி குறுகும். முழு இடைவெளி விட்டால் சமையலறைக்கே இடமில்லை. இதுதான் நியாயமான காரணம். 'வாடகை கூடக் கிடைக்கும்' என்பது காரணமே இல்லை.
மாற்றம்: சாலை அகலம், சுற்றியுள்ள பயன்பாடு.

அலைச்சல்?
மாற்றத்துக்கே அதிகம். நாளிதழில் அறிவிப்பு தந்து ஆட்சேபணை கேட்க வேண்டும்.

வீடு கட்ட இடம் போதாவிட்டால் தளர்வு கேளுங்கள். மனையையே வணிக மனையாக்க வேண்டுமென்றால் மாற்றம். ஏற்காட்டில் மனை என்றால் கதை வேறு, மலையிடப் பாதுகாப்பு விதிகளும் சேரும். அங்கே தளர்வை நம்பி அஸ்திவாரம் தோண்டாதீர்கள். சரிவில் மண் இறங்கினால் கீழ்வீட்டுக்காரர்தான் பாவம்.