ஓராண்டு சான்றிதழா, டி.பார்ம் படிப்பா? மெடிக்கல் கவுண்டரிலிருந்து ஒரு கணக்கு

உசிலம்பட்டியிலிருந்து அக்கா போன் செய்தாள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், மார்க் சுமார்தான். சமுதாயக் கல்லூரி ஒன்றில் பார்மஸி அசிஸ்டென்ட் படிப்பு, ஓராண்டுதானாம், கட்டணமும் கம்மி. இன்னொரு பக்கம் டி.பார்ம், அதாவது பார்மஸி டிப்ளமோ. அதற்கு இரண்டு ஆண்டு, செலவும் கூட. "ரெண்டும் மாத்திரை எடுத்துக் குடுக்குற வேலைதானடா? எதுக்கு ஒரு வருசத்தை வீணாக்கணும்?" என்றாள்.

கேள்வி நியாயமானதுதான். கவுண்டருக்கு வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வேலையாகத்தான் தெரியும். நான் உள்ளே இரண்டு இடத்திலும் நின்றவன். பள்ளி முடித்து மூன்று வருடம் மதுரைப் பனகல் சாலையில், பெரியாஸ்பத்திரிக்கு எதிரே, ஒரு மெடிக்கலில் கவுண்டர் பையன். அப்புறம்தான் டி.பார்ம். அதனால் அக்காவுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஓராண்டுப் படிப்புக்கு உள்ள பெருமையைக் கொடுத்துவிடுகிறேன். முதல் நாள் கவுண்டரில் நிற்க வைத்தால், டி.பார்ம் முடித்த பிள்ளையைவிட அசிஸ்டென்ட் படிப்பு முடித்த பிள்ளைதான் கடைக்கு உதவும். டி.பார்ம் முதல் வருடத்தில் மருந்து வேதியியல், மூலிகை மருந்தியல், உடற்கூறு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது, இவர்கள் ரேக் அடுக்குவது, பில் போடுவது, டாக்டர் கிறுக்கியதில் 'பி.டி.' என்றால் இரண்டு வேளை, 'ஹெச்.எஸ்.' என்றால் படுக்கப்போகும்போது என்று படித்துக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் காலாவதியாகிற மாத்திரையை முன்னால் வைக்க வேண்டும், இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அதற்காக ஃபிரீசரில் வைத்துவிடக் கூடாது. இதெல்லாம் கைவேலை. பழகப் பழகத்தான் வரும்.

பத்து மாத்திரை அட்டையில் நாலு மட்டும் கேட்கிறார் ஒருவர். கத்தரியை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? காலாவதித் தேதி அச்சடித்த ஓரம் கடையில் தங்க வேண்டும். எதிர் ஓரத்திலிருந்து வெட்ட வேண்டும். மாற்றி வெட்டினால் மிச்சம் ஆறு மாத்திரைக்கு வயது தெரியாது, கம்பெனிக்குத் திருப்பவும் முடியாது. என் முதல் வாரத்தில் இப்படி எத்தனை அட்டையைப் பாழாக்கினேன் என்று முதலாளி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவார்.

சரி, அப்படியென்றால் ஓராண்டே போதுமே? இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. 1948-ஆம் ஆண்டு பார்மஸி சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து கலந்து தரவோ எடுத்துத் தரவோ பதிவு பெற்ற மருந்தாளுநருக்குத்தான் (பார்மசிஸ்ட்) உரிமை. சில்லறைக் கடையில் சீட்டு மருந்தை அவரே தர வேண்டும், இல்லையென்றால் அவர் நேரடி மேற்பார்வையில் தர வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள். தமிழ்நாடு பார்மஸி கவுன்சிலில் பதிவு செய்ய டி.பார்ம், பி.பார்ம் பட்டம், அதற்கும் மேலான பார்ம்.டி. இவற்றில் ஒன்று வேண்டும். ஓராண்டுச் சான்றிதழை வைத்து அந்தப் பதிவேட்டில் பெயர் ஏறாது. பத்து வருட அனுபவம் இருந்தாலும் ஏறாது. அசிஸ்டென்ட் என்றால் கடைசிவரை இன்னொருவர் கண்பார்வையில் வேலை செய்கிறவர்.

அந்தக் கண்பார்வை எதற்கு என்பது எனக்கு ஒரு சாயங்காலம் புரிந்தது. மேலூர்ப் பக்கத்து ஆத்தா ஒருவர் சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு வந்தார். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது. அதில் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், 2 மில்லிகிராம் என்று இரண்டு வகை உண்டு. ஒரே பெயர், ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே அட்டை. சீட்டில் இருந்தது 1. கூட்ட நெரிசலில் நான் எடுத்து வைத்தது 2. கவரில் போட்டு, காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியும் விட்டேன். கடையில் இருந்த பார்மசிஸ்ட் அக்கா சீட்டையும் கவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மாற்றி வைத்தார். கடை அடைக்கும்போதுதான் சொன்னார்: "அந்தம்மா ராத்திரி சரியாச் சாப்பிடாமப் படுத்தா சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டிரும் தம்பி. விடியுறவரைக்கும் யாருக்கும் தெரியாது." அட்டையின் பெயர் எனக்கும் தெரியும். உள்ளே போய் அது என்ன செய்யும் என்பது அவருக்குத்தான் தெரியும். டி.பார்மின் இரண்டாம் வருடத்துப் பார்மகாலஜி அதற்குத்தான்.

ஓராண்டுப் படிப்பு பற்றிய ஆசை பலருக்கு அமெரிக்க வீடியோ பார்த்து வருகிறது. அங்கே கம்யூனிட்டி காலேஜில் ஓராண்டு அளவில் படித்துவிட்டு, பி.டி.சி.பி. போன்ற அமைப்பின் தேர்வெழுதி பார்மஸி டெக்னீசியன் ஆகிறார்கள். அங்கே அது தனித் தொழில், தனி அந்தஸ்து. மாத்திரை எண்ணுவது, லேபிள் ஒட்டுவது, இன்சூரன்ஸ் பார்ப்பது அவர்கள் வேலை. கடைசியாகச் சரிபார்ப்பதும் நோயாளிக்கு விளக்குவதும் பார்மசிஸ்ட். இங்கே அந்த டெக்னீசியன் நாற்காலியே சட்டத்தில் போடப்படவில்லை. படிப்பின் பெயர் ஒத்துப்போகிறதே என்று நம்பிச் சேர்ந்துவிடக் கூடாது.

இனி நாளைய கணக்கு. சொந்தமாக மெடிக்கல் வைக்க 10 சதுர மீட்டர் இடம் போதும், ஆனால் லைசென்ஸுக்கு ஒரு மருந்தாளுநர் பெயர் வேண்டும். டி.பார்ம் இருந்தால் அது உங்கள் பெயராகவே இருக்கலாம். இல்லையென்றால் சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டும். சில இடங்களில் ஆளை வைக்காமல் சான்றிதழை மட்டும் மாத வாடகைக்கு வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பார்கள். சட்ட விரோதம் என்பது இருக்கட்டும், வாடகைக்கு விட்ட பார்மசிஸ்ட்டின் பதிவே பறிபோகலாம். "உன் பொண்ணு படிச்சு முடிச்சதும் இப்படிக் கேட்டு யாராவது வீடு தேடி வருவாங்க, வாசல்லயே அனுப்பிடு" என்று அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

அரசாங்க வேலையும் அப்படியே. எம்.ஆர்.பி. என்கிற தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் எடுக்கிற மருந்தாளுநர் பணிக்குப் பதிவு கட்டாயம். 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களை நடத்த விண்ணப்பம் வாங்கியபோதும் டி.பார்ம், பி.பார்ம் முடித்தவர்களையோ அவர்கள் ஒப்புதல் வாங்கி வந்தவர்களையோதான் கேட்டார்கள். தொழில்முனைவோருக்கு 3 லட்சம் ரூபாய் மானியம்.

ஆனால் ஒரு வழி அசிஸ்டென்ட்டுக்கும் திறந்திருக்கிறது, பலருக்கு அது தெரியாது. மொத்த வியாபாரம். மொத்த விற்பனை லைசென்ஸில் காட்ட வேண்டிய தகுதியாளர் மருந்தாளுநராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பத்தாம் வகுப்பு தேறி, மருந்து விற்பனையில் நாலு வருட அனுபவம் இருந்தாலும் விதி ஏற்கிறது. பட்டம் இருந்தால் ஒரு வருடம் போதும். என்னோடு கவுண்டரில் நின்ற ஒருவன் டி.பார்ம் பக்கமே போகவில்லை. இப்போது திருமங்கலம், பேரையூர்ப் பக்கக் கடைகளுக்குச் சரக்கு போடுகிறான். என்னைவிட நல்ல வண்டி வைத்திருக்கிறான், அதையும் சொல்லத்தானே வேண்டும்.

டி.பார்முக்கு உள்ள முட்டுக்கட்டைகளையும் மறைக்கக் கூடாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். காமர்ஸ் குரூப் என்றால் அந்தக் கதவு அப்போதே மூடியாயிற்று. அவர்களுக்கு ஓராண்டுப் படிப்பும் மொத்த வியாபாரமும்தான் பாதை, அதில் குறை ஒன்றுமில்லை. இரண்டு வருடம் முடிந்ததும் 500 மணி நேரம் நடைமுறைப் பயிற்சி, மூன்று மாதத்துக்குக் குறையாமல். 2022-இல் வந்த விதிப்படி பதிவுக்கு முன் எக்ஸிட் தேர்வும் சேர்ந்துகொண்டது: மூன்று தாள், ஒவ்வொன்றிலும் 50 சதவீதம். ஆக, இரண்டு வருடம் என்று வாயால் சொன்னாலும் கையில் பதிவு வர அதற்கு மேல் ஆகும். அசிஸ்டென்ட் படித்த ஒரு வருடம் இதில் கழியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதலில் சான்றிதழ், பிறகு டி.பார்ம் என்று போனால் மொத்தம் மூன்று வருடத்துக்கு மேல்.

பி.பார்ம் நாலு வருடம். மருந்துக் கம்பெனியோ டிரக் இன்ஸ்பெக்டர் வேலையோ மனதில் இருந்தால் அது. டி.பார்ம் முடித்தவர்கள் நேரே அதன் இரண்டாம் வருடத்தில் சேரலாம் என்பதால் இப்போதே முடிவு செய்ய அவசரமில்லை.

அக்கா மகள் பயாலஜி குரூப். அதனால் டி.பார்ம் என்றுதான் சொன்னேன். முதலில் மதுரை மருத்துவக் கல்லூரியில் முயற்சி, அரசுக் கட்டணம் வீட்டுக்குத் தாங்கும். கிடைக்காவிட்டால் தனியார். ஆனால் பணம் கட்டுமுன் இந்திய பார்மஸி கவுன்சிலின் இணையதளத்தில் அந்தக் கல்லூரி பெயரும், இந்த ஆண்டுக்கான அங்கீகாரமும் இருக்கிறதா என்று அவளே பார்க்க வேண்டும். கல்லூரி ஆபீஸில் காட்டுகிற பழைய ஜெராக்ஸ் வேண்டாம். அட்மிஷன் வரைக்கும் சும்மா இருப்பானேன் என்று உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் சாயங்காலம் மட்டும் போய் நிற்கிறாள். பார்மசிஸ்ட் உட்கார்ந்திருக்கிற கடையா என்று விசாரித்துத்தான் அனுப்பினேன். மூன்றாம் நாளே அக்கா போன் செய்தாள்: "சாயங்காலம் முழுக்க நிக்க வைக்கிறாங்களாம்டா, கால் வலிக்குதாம்." அதற்கு எந்தப் படிப்பிலும் மருந்தில்லை.