பங்குனியில் பறவை பார்க்க எங்கே போகலாம்: வேடந்தாங்கலா, கூந்தன்குளமா, கோடியக்கரையா?

டிசம்பர், ஜனவரியில் இந்தக் கேள்விக்கு மண்டையை உடைத்துக்கொள்ளவே வேண்டாம், தண்ணீர் நிற்கிற எந்த ஏரிக்கரையில் போய் நின்றாலும் நாலு வகை வாத்தும் நாரையும் கண்ணில் படும். மாசி கழிந்து வெயில் ஏறத் தொடங்கிய பிறகுதான் குழப்பம். 'சீசன் முடிஞ்சு போச்சு' என்று பலரும் பைனாகுலரை எடுத்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். எனக்கு மார்ச் கடைசியும் ஏப்ரல் முதல் பாதியும்தான் வருடத்திலேயே பிடித்த காலம். என்ன, இடத்தைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளிர்காலத்தில் முதலில் வரும் இடம் இப்போது கடைசிக்குப் போய்விடுகிறது.

அந்த இடம் வேடந்தாங்கல்தான். சென்னைக்காரர்கள் எடுத்த எடுப்பில் சொல்லும் பெயர், சொல்வதிலும் தப்பில்லை. 30 ஹெக்டேர்தான் ஏரி. 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேஸ் அந்தப் பறவைகளைச் சுடக்கூடாது என்று ஊராருக்கு எழுதிக் கொடுத்த ஊர். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்களுக்கு அதற்கு முன்பே தெரியும். ஆனால் அங்கே எல்லாம் வடகிழக்குப் பருவமழையின் கணக்குப்படிதான் நடக்கும். மழை பெய்து ஏரி நிரம்பினால் நவம்பர் வாக்கில் கூடு கட்ட ஆரம்பிக்கும் நத்தைக்குத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகமெல்லாம் மார்ச்சில் குஞ்சுகளைப் பறக்க விட்டுவிட்டு ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருக்கும். மழை நன்றாகப் பெய்த வருடம் என்றால் பங்குனியிலும் கூழைக்கடாக்களும் மஞ்சள் மூக்கு நாரைகளும் மிச்சம் இருக்கும், குஞ்சுகள் பெரிதாகிக் கிளையில் நின்று இறக்கை அடித்துப் பழகுவதைப் பார்க்கலாம். மழை பொய்த்த வருடத்தில் ஏரி வறண்டுவிடும், நீர்க்கடம்பு மரங்களைப் பார்த்துவிட்டு வரலாம். அதனால் மார்ச்சில் போகிறவர் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், பறவை பார்ப்பவர்கள் பார்த்ததைப் பதிவு செய்யும் இ-பேர்ட் (eBird) இணையதளத்தில் அந்த வாரம் யாராவது போட்ட பட்டியல் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

கூந்தன்குளத்தில் கதையே வேறு. நெல்லையிலிருந்து நாங்குநேரிப் பக்கம் ஒரு மணி நேரப் பயணம். மணிமுத்தாற்றுத் தண்ணீர் வருகிற குளம் என்பதால் கூடு கட்டும் காலமும் தள்ளிப் போகிறது. ஜனவரி வாக்கில் ஆரம்பித்து கோடை வரை ஓடும். ஆக, வேடந்தாங்கல் காலியாகிற சமயத்தில் இங்கே வீடு நிறைய குஞ்சுகள். வீடு என்று சும்மா சொல்லவில்லை, கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள்ளேயே தெருவோர மரங்களிலும் கொல்லை மரங்களிலும் கூடு கட்டுகின்றன. தலைக்கு மேலே கூடு, கீழே கோலம் போட்ட வாசல். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர், கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து வளர்த்து விடுகிற ஊர். பைனாகுலரே தேவைப்படாது. கூழைக்கடாக் குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை முழுசாக நுழைத்து மீன் தேடுவதையும், உச்சி வெயிலில் நாரை இறக்கையை விரித்து நின்று குஞ்சுக்கு நிழல் கொடுப்பதையும் இவ்வளவு கிட்டத்தில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. மீன் வாடை மட்டும் தூக்கலாக இருக்கும், தொப்பி கட்டாயம் (வெயிலுக்காக மட்டும் இல்லை). வரித்தலை வாத்தை நம்பிப் போகிறவர்கள் மார்ச்சுக்கு முன்பே போய்விடுவது நல்லது, அவை இமயத்தைத் தாண்ட வேண்டியவை, சீக்கிரமே கிளம்பிவிடும்.

குழந்தைகளை, புதிதாக ஆர்வம் வந்தவர்களை, முட்டி வலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போவதென்றால் கூந்தன்குளம்தான், அதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

ஆனால் தனியாக, எனக்காக மட்டும் போகிறேன் என்றால் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கடலோரம் இருக்கும் கோடியக்கரை. இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் கூடும் கிடையாது, குஞ்சும் கிடையாது, உப்பளமும் சேறும் கண்ணைக் கூசும் வெளிச்சமும்தான். பெரும்பாலானவர்கள் அங்கே பூநாரைக்காகப் போகிறார்கள். அதுவும் பார்க்க வேண்டியதுதான், ஆனால் பங்குனியில் அங்கே பார்க்க வேண்டியவை காலடி உயரத்தில் ஓடும் சின்னக் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். குளிர்காலம் முழுக்க இவை எல்லாம் ஒரே சாம்பல் பழுப்பு, எது எது என்று பிரிப்பதற்குள் வெறுத்துப் போகும். சைபீரியாவுக்குக் கிளம்புகிற நேரம் நெருங்கியதும் இறகு மாற்றி, கல்யாண உடுப்பு போட்டுக்கொள்கின்றன. வளைமூக்கு உள்ளானுக்கு மார்பும் வயிறும் செங்கல் நிறமாகும். பசிபிக் பொன்னிற உப்புக்கொத்திக்கு முகத்திலிருந்து வயிறு வரை கறுப்பு இறங்கும். கருவால் மூக்கனின் கழுத்தில் துருச் சிவப்பு ஏறும். ஒரே கூட்டத்தில் பாதி மாறியது, கால் மாறியது, மாறவே மாறாதது எல்லாம் கலந்து நிற்கும். மாறாதவற்றில் நிறைய முதல் வருடப் பறவைகள், அவற்றில் பல கிளம்பாமல் கோடையை இங்கேயே ஓட்டிவிடும். கொசு உள்ளான் ஒன்றின் எடை 25 கிராமுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அது ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரா வரை போகிறது என்று தெரிந்த பிறகு, சேற்றில் விடாமல் கொத்திக் கொத்தித் தின்று கொழுப்பு ஏற்றுவதை வேடிக்கை பார்ப்பதே தனி அனுபவம். பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தினர் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் அடையாள வளையம் மாட்டுகிறார்கள், அந்த வளையங்களில் சில ரஷ்யாவில் கிடைத்திருக்கின்றன. தமிழ்நாட்டின் முதல் ராம்சார் தலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) 2002-லேயே இது அறிவிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை, மற்ற இரண்டுக்கும் 2022-ல்தான் அந்தப் பட்டம் வந்தது.

சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். பைனாகுலர் மட்டும் போதாது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) உள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். உப்பளப் பக்கம் நுழைய வனத்துறையிடம் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். ஒன்பது மணிக்கு மேல் கானல் எழுந்து ஸ்கோப்பில் எல்லாம் நெளியும், ஆகவே விடிவதற்குள் இடத்தில் இருக்க வேண்டும், அதற்கு முந்தின ராத்திரி வேதாரண்யத்திலாவது தங்க வேண்டும். நடுப்பகலில் காட்டுப் பக்கம் போய் வெளிமான் பார்க்கலாம் என்பது ஒரு ஆறுதல்.

இவ்வளவு தூரம் முடியாது, லீவு கிடைக்காது என்கிற சென்னைவாசிகளுக்கு வேடந்தாங்கலை விடப் பள்ளிக்கரணையையே சொல்வேன். ஆமாம், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அதே சதுப்புநிலம்தான். ஏப்ரலில் நீளவால் இலைக்கோழிக்கு அந்த நீள வால் முளைத்திருக்கும், மீசை ஆலாக்களுக்கு வயிறு கறுத்திருக்கும், நீலத் தாழைக்கோழி எப்போதும்போல் கோரைக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும். சதுப்புநிலத்தை ஒட்டிப் போகும் ரேடியல் சாலையில் வண்டியை ஓரங்கட்டி நிற்காதீர்கள், பின்னால் வரும் லாரி பறவையைப் பார்க்காது. காலை ஆறரைக்குள் போனால் அலுவலகத்துக்கும் நேரத்தோடு வந்துவிடலாம்.