எல்லாவற்றையும் அணைப்பதா, வேளை வைத்துப் பார்ப்பதா?

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது கை சட்டென்று தண்ணீருக்குள்ளேயே நின்றுவிடும். சுடிதார் பையில் போன் அதிர்ந்தது போல இருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே வந்திருக்காது. எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று பயந்திருக்கிறேன். 2012-ல் அமெரிக்காவில் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் இந்த இல்லாத அதிர்வை உணர்ந்ததாகச் சொன்னார்கள் என்று படித்த பிறகுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

"போனைத் தூக்கி ஓரமாக வைத்துவிடு" என்று சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் சங்கரன்கோவிலில் என் அப்பா தனியாக இருக்கிறார். வயது எழுபத்து நான்கு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் படிக்கிறாள். அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு, உறவினர்கள் என்று ஏழு வாட்ஸ்அப் குழுக்கள். என்னைப் போன்றவர்களை வாட்டுவது திரை முன்னால் போகும் நேரத்தைவிட, எந்த நிமிடம் எது வந்து விழுமோ என்ற காத்திருப்புதான். அதனால் போன் தரும் பதற்றத்துக்குச் சொல்லப்படும் ஒவ்வொரு வழியையும் ஒரே கேள்வியோடு பார்த்தேன்: இது அந்தக் காத்திருப்பைக் குறைக்கிறதா?

முதலில், முழு அமைதி. எல்லா அறிவிப்புகளையும் நிறுத்திவிடுவது. இதற்குச் சாட்சி இருக்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 221 மாணவர்களை வைத்து நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அறிவிப்புகள் ஒலிக்கும்படி வைத்திருந்த வாரத்தில் அவர்களுடைய கவனம் அதிகமாகச் சிதறியது. அவற்றை அணைத்துப் போனைக் கண்ணில் படாமல் வைத்த வாரத்தில் குறைந்தது. படிப்புக்கும் எழுத்து வேலைக்கும் இது நல்ல மருந்து.

பதற்றத்துக்கு? நான் பத்து நாள் செய்து பார்த்தேன். சத்தம் நின்றது, மனம் நிற்கவில்லை. போன் கூப்பிடாததால் நானே போய் அதைக் கூப்பிட்டேன். மூன்றாம் நாள் பஸ்ஸில் திருவான்மியூரிலிருந்து அடையாறு வருவதற்குள் ஆறு முறை பூட்டைத் திறந்திருக்கிறேன். இது என் பலவீனம் என்று நினைத்து நொந்துபோயிருந்தேன். பிறகு தெரிந்தது, இந்தியாவிலேயே 237 பேரிடம் இரண்டு வாரம் நடத்தி 2019-ல் வெளியான ஓர் ஆய்வும் இதையே கண்டிருக்கிறது. அறிவிப்பே வராதபடி செய்தவர்களுக்குப் பதற்றமும் எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் கூடின. நாளுக்கு மூன்று வேளை மொத்தமாக அறிவிப்பு வரும்படி செய்தவர்களுக்கு மனநிலை தேறியது, கவனம் கூடியது, மன அழுத்தம் குறைந்தது.

அந்த மூன்று வேளை முறையைத்தான் நான் முதலிடத்தில் வைக்கிறேன். சாப்பாட்டுக்கு வேளை இருப்பது போலச் செய்திக்கும் வேளை. எனக்குக் காலை பத்தரை, பிற்பகல் இரண்டு, மாலை ஏழு. ஐபோனில் 2021-லிருந்து இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது. குறித்த நேரத்தில் அறிவிப்புகளைக் கட்டாகக் கொண்டுவந்து தரும். ஆண்ட்ராய்டில் நான் செய்வது எளிய வேலை: வருகிற அறிவிப்பை விரலால் அழுத்திப் பிடித்து, அந்தச் செயலியை 'சைலன்ட்' ஆக்கிவிடுகிறேன். செய்தி வரும், மேலே உட்கார்ந்திருக்கும், ஆனால் கூவாது. குழுக்களை நிரந்தரமாகவே ஊமையாக்கிவிட்டேன்.

ஆனால் அப்பா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத எந்த முறையும் எனக்கு உதவாது. வேளைகளுக்கு நடுவில் அழைப்பும் ஒலிக்காதபடி போனில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' (Do Not Disturb) என்ற அமைப்பைப் போட்டுவைக்கிறேன். பதிலும் அதற்குள்ளேயே இருக்கிறது. பலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. குறிப்பிட்ட சிலருடைய அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அங்கே வைக்கலாம். அதோடு, யாராக இருந்தாலும் அடுத்தடுத்து இரண்டு முறை அழைத்தால் இரண்டாவது அழைப்பை உள்ளே விடும்படியும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் பதினைந்து நிமிடத்துக்குள், ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள் அந்த இரண்டாவது அழைப்பு வர வேண்டும். அப்பாவின் எண்ணை மட்டும் அனுமதித்தால் போதாதா என்று கேட்கலாம். அவருக்கு ஒன்று என்றால் அழைக்கப்போவது அவராக இருக்காது. பக்கத்து வீட்டு அக்காவாகவோ மருந்துக்கடைக்காரராகவோ இருக்கும். அவர்களுக்கும் கதவு திறக்க வேண்டும். அதனால் யாரையும் தனியாகக் குறிக்காமல், எல்லோருக்கும் இந்த இரண்டாவது அழைப்பு வழியை மட்டும் வைத்தேன்.

பட்டன் போனுக்கு மாறுவதைப் பற்றி இப்போது பலர் ஆசையோடு பேசுகிறார்கள். என் தோழி ஒருத்தி மாறினாள், நன்றாகத் தூங்குகிறாள். சாதாரணப் போனிலிருந்தே பணம் அனுப்ப 2022-ல் ரிசர்வ் வங்கி யுபிஐ 123பே முறையைத் தொடங்கிவைத்ததால், அந்த வழியும் அடைபட்டுவிடவில்லை. ஆனால் அவள் வீட்டில் மகனுடைய பள்ளிச் செய்தி, எரிவாயு பதிவு, ரயில் டிக்கெட் எல்லாம் இப்போது கணவரின் போனுக்கு வருகின்றன. சுமை இறங்கவில்லை, தோள் மாறியிருக்கிறது. தனியாக இருப்பவர்களுக்கோ, வேலையே போனில் இல்லாதவர்களுக்கோ இதைத் தயங்காமல் சொல்வேன். மற்றவர்கள் வீட்டில் பேசி முடிவெடுப்பது நல்லது.

திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவது, செயலிக்கு நேர வரம்பு வைப்பது இரண்டும் வெட்டியாக உருட்டிக்கொண்டே இருக்கும் பழக்கத்தைக் குறைக்கும். காத்திருப்பை அவை தொடுவதில்லை. மேலதிகாரியின் செய்தி கறுப்பு வெள்ளையில் வந்தாலும் வயிறு அதேபோலத்தான் கலங்குகிறது.

நீல டிக் தனிக்கதை. மகளுக்கு இரவு ஒன்பது மணிக்குச் "சாப்பிட்டாயா?" என்று அனுப்புவேன். இரண்டு டிக் நீலமாகும். பெயருக்குக் கீழே எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டும், நின்றுவிடும், மறுபடியும் காட்டும், நின்றுவிடும். அந்த நான்கு நிமிடத்தில் காய்ச்சலிலிருந்து காதல் தோல்வி வரை எல்லாம் மனதில் ஓடிவிடும். கடைசியில் "ம்" என்று வரும். வாட்ஸ்அப் 2014-ல் இந்த நீல டிக்கைக் கொண்டுவந்த சில நாட்களிலேயே அணைக்கும் வசதியையும் தந்துவிட்டது. அணைத்தால் நாம் படித்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் படித்தது நமக்கும் தெரியாது. குழுக்களுக்கு இது செல்லாது. நானும் மகளும் பேசிவைத்துக்கொண்டு ஒரே நாளில் அணைத்தோம். ஒரு நிமிட வேலை. இந்த அலசலில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு நிம்மதி தந்தது வேறில்லை.

படுக்கையறைக்கு வெளியே போனை வைப்பதும் நல்ல வழிதான். முந்நூறு ரூபாய்க்கு ஓர் அலாரம் கடிகாரம் வாங்கினால் போதும். ஒலியைக் கூட்டிக் கூடத்தில் வையுங்கள், இரண்டாவது அழைப்பு எழுப்பிவிடும். வேளை முறையோடு இதைச் சேர்த்துச் செய்கிறேன். இரவில் விழித்துக்கொண்டால் கை தேடுவதற்கு இப்போது அங்கே எதுவும் இல்லை.

இதுவரை சொன்னவையெல்லாம் தனியாள் செய்பவை. மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 2022-ல் அவர்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். மாலை ஏழு மணிக்குக் கோயிலிலிருந்து சைரன் ஒலிக்கும். எட்டரை வரை ஊரே போனையும் தொலைக்காட்சியையும் அணைத்துவைக்கும். நம் அடுக்குமாடியில் இது நடக்குமா என்று தெரியாது. ஆனால் அதன் அறிவு எனக்குப் பிடிக்கிறது: எல்லோரும் ஒன்றாக அணைக்கும்போது யாரும் எதையும் தவறவிடுவதில்லை, யாரும் யாருக்கும் உடனே பதில் கடன்பட்டிருக்கவில்லை. எங்கள் அலுவலகக் குழுவில் இரவு எட்டுக்குப் பிறகு செய்தி போட வேண்டாம் என்று ஏழு பேர் ஒத்துக்கொண்டதே எனக்கு அந்தச் சைரனின் சிறு பங்காகத் தெரிந்தது.

இவை எதையும் செய்து பார்க்கும் நிலையிலேயே இல்லை, நெஞ்சு படபடப்பு தூக்கத்தையும் சாப்பாட்டையும் கெடுக்கிறது என்றால், அது போன் அமைப்பில் தீர்க்கிற விஷயமல்ல. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை 2014-லிருந்தே கைபேசி, இணையப் பழக்கத்துக்கென்று தனிப் பிரிவு நடத்துகிறது.

வேளை முறையைத் தொடங்கிய அன்று அப்பாவோடு ஒத்திகை பார்த்தேன். "முதல் தடவை அடிக்காது அப்பா. வைத்துவிட்டு உடனே மறுபடியும் கூப்பிடுங்கள்" என்று சொல்லி, போனைக் கூடத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். ஒரு நிமிடம் அமைதி. பிறகு மணி ஒலித்தது. எடுத்தேன்.

"இரண்டாவதுதானே அடித்தது?" என்றார் அப்பா. "இன்னொரு தடவை பார்த்துவிடுவோம், வை."