நிரல் எழுதத் தெரியாதவன் கட்டிய வலைச்செயலி: மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒருவருடைய புத்தகத்தை இன்னொருவர் இரவல் வாங்கிப் படிப்பது உண்டு. எந்தப் புத்தகம் யாரிடம் இருக்கிறது என்பதைக் குறித்துவைக்க ஒரு சிறிய வலைச்செயலியை நான் கட்டி மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகிறது. தொடங்கும்போது எனக்கு வலைப்பக்கங்களை வடிவமைக்கும் எச்டிஎம்எல் அரைகுறையாகவும், விரிதாள் சூத்திரங்கள் ஓரளவுக்கும் தெரியும். அதற்கு மேல் நிரல் அறிவு கிடையாது. இன்றும் என்னை நிரலாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். கட்டி முடித்த மகிழ்ச்சியில் எழுதப்படும் அனுபவக் குறிப்புகள் நிறையக் கிடைக்கின்றன. கட்டியதை ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் எழுதுவது குறைவு என்பதால் இதைப் பதிவு செய்கிறேன்.

முதலில் இருந்தது வெறும் விரிதாள். ஒரு வரிசைக்கு ஒரு புத்தகம், கடைசி நெடுவரிசையில் இரவல் வாங்கியவர் பெயர். புத்தகம் திரும்பியதும் அந்தப் பெயரை அழித்துவிடுவோம். சில மாதங்கள் கழித்து ஒரு புத்தகம் கிழிந்து வந்தபோது, அதற்கு முன் அதை வைத்திருந்தவர் யார் என்று பார்க்க வழியில்லாமல் போயிற்று. பெயரை அழித்தபோதே வரலாற்றையும் சேர்த்து அழித்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. புத்தகம், உறுப்பினர், இரவல் ஆகிய மூன்றும் தனித்தனி அட்டவணைகளாக இருக்க வேண்டும் என்பதும், ஒவ்வொரு இரவலும் கொடுத்த தேதியும் திரும்பிய தேதியும் கொண்ட தனி வரிசையாகச் சேர வேண்டும் என்பதும் அந்தக் கிழிந்த புத்தகம் கற்றுக்கொடுத்தவை. அதன்பின் கருவிகளை இரண்டு முறை மாற்றிவிட்டேன். அந்த மூன்று அட்டவணைகளை மட்டும் மாற்ற வேண்டிய தேவை இதுவரை வரவில்லை.

அடுத்து, நிரல் எழுதாமலே செயலி கட்டலாம் என்று சொல்லும் ஒரு தளத்துக்குப் போனேன். பொத்தான்களையும் பட்டியல்களையும் இழுத்துப் பொருத்தி, இரண்டு நாள் உழைப்பில் உண்மையாகவே பயன்படுத்தக்கூடிய ஒன்று கையில் இருந்தது. இந்த வகைத் தளங்களைக் கேலி செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என்ன வேண்டும் என்பதே தெளிவாகாத தொடக்கக் கட்டத்தில் ஒரே நாளில் மூன்று வடிவங்களைப் பயனர்களிடம் காட்டிப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. பதினான்கு மாதங்கள் அது குறையின்றி ஓடியது. பிறகு வரிசைகளின் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பை நெருங்கினோம். வெளியேற முயன்றபோதுதான் தரவை மட்டுமே எடுத்துச் செல்ல முடியும், ‘தாமதமானால் நினைவூட்டு’ போன்ற விதிகளை எந்த வடிவத்திலும் எடுத்துச் செல்ல முடியாது என்பது தெரிந்தது. பதிவிறக்கிய சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பு) விரிதாளில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் பொருளற்ற குறிகளாக நின்றன. கோப்பு யூடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்க முறையில் சரியாகவே இருந்தது; அதைச் சுட்டும் அடையாளம் கோப்பின் தொடக்கத்தில் இல்லாததால் விரிதாள் வேறு குறியாக்கம் என்று ஊகித்துக்கொண்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிற்று.

இப்போது ஓடுவது பைத்தான் நிரல்மொழியில், வலைச்செயலி கட்ட உதவும் பிளாஸ்க்கும் எஸ்கியூலைட் தரவுத்தளமும் கொண்ட சிறு நிரல். அதன் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் கேட்டுக் கேட்டே எழுதினேன். அது தரும் நிரல் பெரும்பாலும் முதல் முறையே ஓடிவிடும்; ஓடிவிடுவதுதான் சிக்கலும்கூட. நிர்வாகி அல்லாதவர்களுக்கு ‘நீக்கு’ பொத்தான் தெரியக்கூடாது என்று கேட்டேன், அது பொத்தானை மறைத்துக் கொடுத்தது. பல வாரங்கள் கழித்து ஓர் உறுப்பினர், நீக்கும் பக்கத்தின் முகவரியை உலாவியில் நேரடியாகத் தட்டினாலே புத்தகம் நீங்கிவிடுகிறது என்று காட்டினார். அனுமதியைச் செயலி ஓடும் கணினியான சர்வர் சரிபார்க்கவே இல்லை. வலைச்செயலிப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு 2021-இல் வெளியிட்ட பத்து முக்கிய அபாயங்களின் பட்டியலில் முதலிடம் பெற்றது இதே வகைக் குறைதான் என்று பின்னர் படித்தபோது சற்று ஆறுதலாகக்கூட இருந்தது. உதவியாளரைக் குறை சொல்ல மாட்டேன். ‘தெரியக்கூடாது’ என்று கேட்டது நான், ‘முடியக்கூடாது’ என்று கேட்டிருக்க வேண்டும்.

தேதியில் வந்த பிழை இன்னும் நுட்பமானது. பத்தாம் தேதி என்று தேர்ந்தெடுத்தால் ஒன்பது என்று பதிவாகும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்த நாளின் உள்ளூர் நள்ளிரவை எடுத்து, உலகப் பொது நேரத்துக்கு மாற்றி அனுப்பிக்கொண்டிருந்தது. பொது நேரத்தைவிடக் கடிகாரம் முன்னே ஓடும் இடங்களில் உள்ளூர் நள்ளிரவு என்பது பொது நேரப்படி முந்தைய நாளாகவே இருக்கும். நேரம் தேவைப்படாத இடத்தில் நேரத்தைச் சேர்க்காமல் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் வெறும் எழுத்தாக அனுப்பியதும் பிழை நின்றது.

தமிழில் செயலி கட்டுபவர்கள் எதிர்பார்க்க வேண்டிய இரண்டு செய்திகளைத் தனியே சொல்ல வேண்டும். முதலாவது அகரவரிசை. ஒவ்வொரு எழுத்துக்கும் கணினிக்கான குறியெண் தரும் யூனிகோட் அட்டவணையில் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் வருகின்றன. எஸ்கியூலைட் தானாக வரிசைப்படுத்தும்போது இந்தக் குறியெண் வரிசையையே பின்பற்றும் என்பதால், ற, ன இரண்டையும் மெய்வரிசையின் கடைசியில் தேடிப் பழகிய நம் கண்ணுக்குப் பட்டியல் கலைந்து தெரியும். உலாவியிலேயே தமிழுக்குரிய ஒப்பீட்டு வசதி இருக்கிறது. வரிசைப்படுத்துவதை அதனிடம் விட்டுவிட்டேன். இரண்டாவது தேடல். ‘கொ’ என்னும் எழுத்தை ஒகரக் குறி ஒன்றை இட்டும் எழுதலாம், எகரக் குறியையும் கால் குறியையும் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். தேடலுக்கு அவை வெவ்வேறு சொற்கள். சேமிக்கும்போதும் தேடும்போதும் இரண்டையும் ஒரே வடிவமாக்கும் யூனிகோட் இயல்பாக்கம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நான் ஓராண்டு கழித்தே செய்தேன். அதுவரை சில புத்தகங்கள் பட்டியலில் இருந்தும் தேடினால் அகப்படாமல் இருந்தன.

எஸ்கியூலைட்டைப் பற்றி எனக்குக் குறையே இல்லை என்று சொல்லலாம். தரவு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கிறது, தனியாக எதையும் நிறுவிப் பராமரிக்க வேண்டியதில்லை, எங்கள் அளவுக்கு அதன் வேகம் மிகையானது. ஆனால் அட்டவணைகளுக்கு இடையிலான உறவுகளை அது இயல்பாகக் காவல் காப்பதில்லை. நிரல் தரவுத்தளத்தோடு இணையும் ஒவ்வொரு முறையும் அந்தக் காவலை நாமே இயக்க வேண்டும். அதை அறியாமல் ஓர் உறுப்பினரை நீக்கினேன், அவருடைய இரவல் பதிவுகள் உரியவர் இல்லாமல் தொங்கின. காப்புப்பிரதியிலும் இப்படி ஒரு பாடம் கிடைத்தது. புதிய பதிவுகளை முதலில் துணைக்கோப்பில் சேர்த்துவைக்கும் முறையை நான் இயக்கியிருந்தேன். இரவுதோறும் முதன்மைக் கோப்பை மட்டும் படியெடுத்தேன். படி திறந்தது, பார்க்க முழுமையாகவும் இருந்தது, கடைசிச் சில பதிவுகள் மட்டும் அதில் இல்லை. இப்போது கோப்பைப் படியெடுப்பதில்லை; தரவுத்தளத்தின் சொந்தக் காப்புக் கட்டளையையே பயன்படுத்துகிறேன்.

நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்துவைத்துப் பழைய வடிவத்துக்குத் திரும்ப உதவும் கிட் முறையைத் தொடக்கத்திலேயே கற்றிருக்கலாம். உதவியாளர் ஒரு சிறு திருத்தத்துக்காகக் கோப்பு முழுவதையும் மாற்றி எழுதி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த நினைவூட்டல் பகுதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்ட நாளுக்குப் பிறகுதான் கற்றேன். தேவைப்பட்டவை நான்கைந்து கட்டளைகளே.

சென்ற மாதம், சர்வர் ஒருநாள் முற்றிலும் போய்விட்டால் என்ன செய்வது என்று பார்ப்பதற்காக, வெற்றுக் கணினி ஒன்றில் காப்புப்பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டெடுத்துப் பார்த்தேன். தரவு சில நிமிடங்களில் வந்து சேர்ந்தது. செயலிதான் எழவில்லை; நான் பயன்படுத்திய நிரல் நூலகங்களின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள்) பதிப்பு எண்களை எங்கும் எழுதிவைக்காததால், புதிய பதிப்புகள் இறங்கிப் பழைய நிரலோடு முரண்பட்டன. பழைய சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் அதிலிருந்தே எண்களைப் பார்த்து ஒரு கோப்பில் எழுதிக்கொண்டேன். அந்தக் கோப்பும் மீட்டெடுக்கும் படிகளும் இப்போது வட்டத்தில் இன்னொருவரிடமும் இருக்கின்றன. என் உதவி இல்லாமல் அவர் ஒருமுறை செய்துபார்ப்பதுதான் பாக்கி.